அட்டையில் விழாத எண்ணெய்

அன்புள்ள மயுமிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், உன் அப்பா சுகம், அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் இருவரையும்விடச் சுகம். அங்கே லிஸ்பனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அதேபோல இருக்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் ஃபோனில் வண்டி என்னாயிற்று என்று நீ கேட்டபோது, அவர் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் மழுப்பிவிட்டேன். எனக்கு எழுபத்துமூன்று வயதாகிறது, மே மாத அரசுச் சோதனையில் வண்டி தேறாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்று புத்தாண்டன்று அவர் உனக்கு வாக்குக் கொடுத்தாரே, அதை வரவழைக்க நாம் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். மார்ச்சில் இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எண்ணெய் ஒழுகும் வண்டியை அங்கே தேற்றமாட்டார்கள், தானாகக் கதை முடிந்தது என்று நினைத்தேன். மனுஷர் சும்மா இருப்பாரா? பட்டறைக்கார இகுடா, "கொண்டாங்க, நான் பாக்கறேன்" என்றதற்கு, "முப்பத்தெட்டு வருஷமா என் வண்டி, உனக்கென்னய்யா தெரியும்" என்று சொல்லிவிட்டு, அடியில் எண்ணெய் வடிக்கிற போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கினார். கீழே வெள்ளை அட்டை விரித்து தினம் காலை ஏழு மணிக்குக் குனிந்து பார்ப்பார். சொட்டு இருக்கும். மறுபடி ஒரு வாஷர்.

இந்த நேரம் பார்த்து, வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்கத்தின் சுற்றறிக்கைப் பலகை வந்தது. சாக்கடையில் எண்ணெய் மிதக்கிறது, எல்லோரும் கவனமாக இருக்கவும் என்று எழுதியிருந்தது, யார் பெயரும் இல்லை. ஏழாவதாக நமக்கு வரவேண்டிய பலகையை எதிர்வீட்டு நோசாகா அம்மாள் முதலில் நம் வாசலுக்கே கொண்டுவந்து, "உங்க வீட்டுக்காரர் வண்டி இன்னும் ஓடுதா, கெட்டியான உடம்புதான்" என்று சிரித்துவிட்டுப் போனாள். மானம் போயிற்று. இவரிடம் சொன்னால் நேரே சண்டைக்குப் போவார். அதனால் எண்ணெய் சாக்கடைக்குப் போகாதிருக்க, மறுநாளிலிருந்து நானே ஐந்து மணிக்கு எழுந்து, இன்ஜினைத் துண்டால் துடைத்து, அழுக்கு அட்டையை எடுத்துவிட்டுப் புது அட்டை போட்டு வைத்தேன். ஏழு மணிக்கு அவர் பார்த்தால் அட்டை பளிச்சென்று இருக்கிறது. "மிசாவோ! இங்க வா! பாத்தியா, ஒரு சொட்டு இல்ல!" அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படியடி சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு வாரம் ஓடிவிட்டது. அதற்குள் இகுடாவிடம் போய் மார்தட்டிவிட்டு வந்தும்விட்டார். சரி, சோதனை அதிகாரியே கண்டுபிடிக்கட்டும், எனக்கேன் பொல்லாப்பு என்று இருந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஹினோமிசாக்கி முனைக்குப் புறப்பட்டார். எண்ணெய் அளவு பார்த்தீர்களா என்றேன். "ஒழுகாத வண்டிக்கு எதுக்குடி அளவு பாக்கணும்?" என்றார். நாலு வாரத்து எண்ணெயும் என் துண்டுகளில் அல்லவா இருக்கிறது! குனிந்து பார்த்தால் இன்ஜின் பக்கத்தில் அளவு காட்டும் சின்னக் கண்ணாடியில் எண்ணெயே தெரியவில்லை. நடுவழியில் இன்ஜின் இறுகிச் சக்கரம் நின்றால் இவர் எங்கே போய் விழுவார்? வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. "அப்போ நான் தினம் பாத்தது உன் கைவேலையா" என்று மட்டும் கேட்டார். உள்ளே போய் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உன் நம்பரைத் தேட ஆரம்பித்தார். "வாக்குன்னா வாக்கு. ஒழுகற வண்டி தேறாது. மயுமிகிட்ட இப்பவே சொல்லிடறேன்." நீயும் நானும் வருஷக்கணக்காகக் காத்திருந்த வார்த்தை இது. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை, மயுமி. ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "சோதனைக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு, எந்திரிங்க" என்றேன். என் வாயா அது!

இகுடாவிடம் யோசனை கேட்டேன். இன்ஜினை நன்றாகக் கழுவி உலர்த்தி, புது எண்ணெய் ஊற்றி, கசிகிற இடம் தெரிய உன் குழந்தை விட்டுப்போன பவுடரைத் தூவிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டோம். ஈரம் வந்தது உச்சியில், மேல்மூடியின் பின்விளிம்பில்! அங்கிருந்து இன்ஜினின் முதுகு வழியாக இறங்கி அடியில் சொட்டியிருக்கிறது. அவர் மாற்றி மாற்றி வாஷர் போட்டதெல்லாம் சம்பந்தமில்லாத இடத்தில். திறந்தால் மூடிக்கடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் காய்ந்த கணவாய் மீன் மாதிரி விறைத்து, தொட்டதும் உடைந்தது. அவருக்குக் கை நடுங்குகிறது, அதனால் பழைய பிசிறைச் சுரண்டியது, புது ரப்பரை உட்கார்த்தியது, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியது எல்லாம் நான். அவர் டார்ச் பிடித்துக்கொண்டு, "போதும் போதும், முறிச்சிடாதே, அதென்ன ஊறுகாய் ஜாடியா" என்று அதிகாரம் செய்தார்.

நேற்று வியாழக்கிழமை சோதனையில் தேறிவிட்டது. அடுத்த சோதனை இரண்டு வருஷம் கழித்துத்தான், அதுவரை அந்த வண்டியை நம் வீட்டைவிட்டுத் துரத்த முடியாது. இந்த வயசு வண்டியை நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று அதிகாரி சொன்னதற்கு, "எல்லாம் என் கையாலதான்" என்கிறார், நான் பக்கத்திலேயே நிற்கிறேன்!

உன் அப்பா வாக்குத் தவறவில்லை. கோபம் வந்தால் என்மேல் கோபித்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். ஊறுகாய்ப் பார்சல் வந்ததும் தகவல் சொல். மறக்காமல் ஒன்று: ஞாயிற்றுக்கிழமை அவர் ஃபோன் செய்து, தனியாளாக எண்ணெய் ஒழுகலைச் சரிசெய்ததை ஒரு மணி நேரம் சொல்லுவார். "அப்படியாப்பா!" என்று ஆச்சரியமாகக் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
கட்சி மாறிவிட்ட உன் அம்மா,
மிசாவோ