சிவப்பு வண்டிக்கு மூச்சு வந்த நாள்

சோப்பு போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. இந்த வாடையோடு சோற்றில் கை வைக்காதீர்கள் என்று உங்களிடம் எத்தனை நாள் சண்டை போட்டிருப்பேன்! இன்றைக்கு அதே கையால் நானே மோர்சாதம் பிசைந்து சாப்பிட்டேன். பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

உங்கள் சிவப்பு வண்டி ஏன் நடுவழியில் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேங்க. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பாதிச் செவிடாக இருந்தாலும் என் பேச்சைக் கேட்டுப் பழகிய காது உங்களுடையதுதான்.

நம் ரைஸ் மில்லைக் குத்தகைக்கு விட்ட கையோடு, தஞ்சாவூரில் ஒரு டாக்டர் வீட்டில் தூசி மூடிக் கிடந்த அந்தக் காரை நீங்கள் ஓட்டிக்கொண்டு வந்தபோது தெருவே கூடிவிட்டது. பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக உயரம், ரெண்டே கதவு, ரெண்டே சீட். "நெல்லு காயப்போட்ட ரோட்டுல இது எப்படிங்க போகும்? அடிவயிறு ஒரசுமே" என்றேன். "ஒரசட்டுமே. மூணாவது ஆளுக்கு இடமில்ல பாரு, எனக்கு அதான் வேணும்" என்றீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது, என்ன செய்ய.

பெட்ரோல் காட்டும் முள் மட்டும் அதில் வந்த நாளிலிருந்தே செத்துக் கிடந்தது. அதை மாற்றச் சொன்னால் கேட்கமாட்டீர்கள். வேப்பங்குச்சியைச் சீவிக் கதவோரத்தில் செருகிவைத்தீர்கள். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்து, ஈரம் எது வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்ப்பீர்கள். உடனே அதை மோந்து வேறு பார்ப்பீர்கள். எதற்கு என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

வண்டி வந்த புதிதில் நன்றாகத்தான் ஓடியது. அடுத்த கோடையில்தான் கொட்டகைக்குள் குளவி வந்தது. வாயில் ஈரமண்ணைக் கவ்விக்கொண்டு உத்தரத்துக்கும் வண்டிக்கும் நடுவே ரீங்காரமிட்டுப் போய்வந்தது. நான் துடைப்பத்தை எடுத்தேன். பறித்து எறிந்தீர்களே! "குளவி கூடு கட்டினா வீட்டுக்குக் குழந்தை வரும்டி. கலைக்காத." நம் மலருக்குக் கல்யாணமாகியும் மடி நிறையாமல் இருந்த நேரம். பார்க்கிறவர்கள் எல்லாம் "விசேஷம் ஏதாவது உண்டா" என்று கேட்டு அவளை நோகடித்தார்கள். மலர் மட்டும் "டாக்டர்கிட்ட போயிட்டுத்தானே இருக்கோம், குளவி வந்து என்னப்பா பண்ணப்போகுது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீங்கள் மசியவில்லை. கொட்டகைப் பக்கம் ஒட்டடைக்கம்பைக்கூட அண்டவிடவில்லை.

அதற்குப் பிறகுதான் வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று இருமி நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் உறுமுமே தவிரக் கிளம்பாது. நான் புலம்புவேன். நீங்களோ மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்து மூடிவிட்டு, முன்பக்கம் போய்க் குனிவீர்கள். "ஆத்திரப்படாத. நெருப்பு இருக்கா, பெட்ரோல் வருதா, காத்து போகுதா, இந்த மூணுல ஒண்ணுதான்." பிறகு எங்காவது டீ வாங்கிக் கொடுப்பீர்கள். டீ குடித்துவிட்டு வந்தால் சமர்த்தாகக் கிளம்பிவிடும். "பாத்தியா, சூடு. ஆறினதும் சரியாயிடுச்சு" என்பீர்கள். தஞ்சாவூர் மெக்கானிக்கும் அதையேதான் சொன்னார். காயிலை மாற்றினார், பம்பை மாற்றினார். வண்டி மட்டும் மாறவில்லை.

கிளம்பாமலே போனது ஒரே ஒரு நாள். நம் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போன நாள். பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக மயிலாடுதுறைக்கு இந்தப் பக்கம் நின்றோம். அன்று டீயும் ஆயிற்று, இளநீரும் ஆயிற்று, வண்டி அசையவில்லை. கடைசியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை லோடு வண்டியில், தாரோடு தாராக உட்கார்ந்து கோயிலுக்குப் போனோம். உங்கள் வேட்டியெல்லாம் வாழைக்கறை. "மாப்பிள்ளை அழைப்பு எப்படி?" என்று கண்ணடித்தீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டாம் தாலியை வேண்டாமென்று சொல்லியிருப்பேன்.

நீங்கள் போன பிறகு வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். அதில் உட்கார்ந்தால்தான் பக்கத்தில் நீங்கள் இருப்பதுபோல் இருக்கிறது. போன மாதம் மன்னார்குடிக்குப் போன இடத்தில் உச்சிவெயிலில் நின்றுவிட்டது. கடைத்தெரு இரைச்சலில் உங்களைப்போலவே குச்சியை விட்டுப் பார்த்து, ஆறவிட்டுத்தான் கிளம்பினேன். மலருக்குப் பொறுக்கவில்லை. "இன்னொரு தடவ நின்னுச்சுன்னா வண்டிய வெலைக்குக் கேட்டுட்டே இருக்காரே, அந்தச் சென்னைக்காரருக்கே குடுத்துடணும்மா. நீ தனியா ரோட்ல நிக்கிறத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. சத்தியம் பண்ணு" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்துவிட்டு எப்படி மறுப்பது? பண்ணிவிட்டேன்.

இன்று காலை அவளைத் தஞ்சாவூரில் விடக் கிளம்பினோம். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டேன். வடுவூர் தாண்டியதும் அதே இருமல், நின்றுவிட்டது. மலர் சென்னைக்காரரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். "இருடி, ஆறட்டும்" என்றேன். ஆறியது. கிளம்பவில்லை. ரோட்டோரம் நெல் துழாவிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "என்னக்கா, மக்கர் பண்ணுதா? வேணும்னா தள்ளட்டுமா?" என்று வந்தாள்.

அப்போதுதான் திருக்கடையூர் நினைவு வந்தது. அன்றும் இப்படித்தான், ஆறியும் கிளம்பவில்லை. மற்ற நாளெல்லாம் செய்துவிட்டு அன்று மட்டும் நீங்கள் செய்யாதது என்ன? யோசித்தேன். குச்சி! "இன்னைக்கு டேங்கு ரொம்பியிருக்கு, பாக்கவே வேணாம்" என்று மூடியைத் தொடவே இல்லை நீங்கள். இன்று நானும் தொடவில்லை.

இறங்கிப் போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தது, பாருங்கள்! நெல் துழாவின அம்மாவுக்கே கேட்டது. மில் சத்தத்தில் தேய்ந்த உங்கள் காதுக்குக் கேட்டிருக்காது. நானோ அப்போதெல்லாம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருப்பேன், எனக்கு எங்கே கேட்கும்! மூடியை மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ரெண்டு முறை முனகிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

நெருப்பும் இருந்தது, பெட்ரோலும் இருந்ததுங்க. டேங்குக்குள் காற்றுதான் போகவில்லை. மூச்சு முட்டினால் பெட்ரோல் எப்படி வரும்? சூட்டைத் தணிப்பதாக நினைத்து நீங்கள் டீ குடித்தீர்கள். வண்டியைப் பிழைக்கவைத்தது உங்கள் குச்சி.

எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த அம்மா கொடுத்த சாக்கை விரித்து வண்டிக்குப் பின்னால் படுத்துப் பார்த்தேன். டேங்குக்குக் காற்று போகிற ரப்பர் குழாயின் நுனியில் காய்ந்த மண். நீங்கள் காவல் காத்த குளவியின் கூடு! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. கொண்டை ஊசியை உருவி மண்ணைக் குத்தப்போனேன்.

மலர் என் கையைப் பிடித்துவிட்டாள். "உடைக்காதம்மா."

"ஏன்டி, நீதானே குளவி என்ன பண்ணப்போகுதுன்னு கேட்ட?"

"அப்பா எனக்காக விட்டுவச்ச கூடும்மா அது." அவள் தன் வயிற்றில் கை வைத்தாள். "இன்னும் யார்கிட்டயும் சொல்லல. முந்தாநாள்தான் டாக்டர் உறுதியா சொன்னாங்க."

நடுரோட்டில், சாக்கின் மேல் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். நெல் துழாவின அம்மா என்னமோ ஏதோ என்று பதறிவிட்டாள். விஷயம் தெரிந்ததும் அவளே கருக்கரிவாளை எடுத்து வந்து கொடுத்தாள். கூட்டுக்கு மேலாகக் குழாயை நறுக்கினோம். துண்டை மலர் முந்தானையில் முடிந்துகொண்டாள். அப்புறம் போனைப் பையில் போட்டுவிட்டு, "வண்டிய யாருக்கும் குடுக்க வேணாம்மா" என்றாள்.

சாயங்காலம் திரும்பி வரும்போது தனியாகத்தான் வந்தேன், ஆனால் நிற்குமோ என்ற பயம் இல்லை. வேப்பங்குச்சி கதவோரத்தில் அப்படியேதான் இருக்கிறது. டேங்க் நிறைந்திருந்தாலும் இனி மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, மோந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். எதற்கு என்று கேட்காதீர்கள்.

மூணாவது ஆளுக்கு இடமில்லை என்று அன்று சொன்னீர்களே. இன்று அதே ரெண்டு சீட்டில் மூணு பேராகத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம்.