திங்கட்கிழமை வயிறு

3 செப்டம்பர் 1996, செவ்வாய்
எனக்கு எழுத்து வராது. நான் சொல்ல, மருமகள் கத்தரீனா எழுதுகிறாள். வாய்க்குள் போவதெல்லாவற்றையும் நாள் போட்டு எழுதிவரச் சொன்னார் டொக்டர். ஒன்றரை வருடமாக வயிற்றோட்டம். ஆள் வற்றிப் போனேன். மூன்று கிழமைக்குப் பாண், பாஸ்தா, பால், முட்டை, மீன் நிறுத்தம். சோறு, ஆட்டிறைச்சி, பூசணிக்காய், பேரிக்காய் மட்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. மன்னார்க் கடலில் நாற்பது வருடம் நின்றவனுக்கு மீன்தான் ஆகாது என்று வந்தால்? அதை நான் கேட்கவில்லை.

6 செப்டம்பர், வெள்ளி
வயிறு அமைதி. பூசணிக்காய்.

9 செப்டம்பர், திங்கள்
காலையில் நாலு தரம் போனேன். நேற்றும் அதே சோறு, அதே இறைச்சி.
"மாமா, களவாய்ப் பாண் திண்டனீங்களோ?"
சிலுவை போட்டு இல்லை என்றேன்.

16 செப்டம்பர், திங்கள்
பிறகும் அதே நாலு தரம். செவ்வாய் தொடக்கம் சனி வரைக்கும் சுகமாக இருந்தேன். கிழமை பார்த்து வருகிற வருத்தமும் உண்டோ?

18 செப்டம்பர், புதன்
பேரிக்காய் சீவும்போது ஞாபகம் வந்தது. எனக்கு ஏழு வயது. ஊரில் கன்னியர் மடத்துச் சிஸ்டர்மாரின் குசினி. இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் மாக்கரைசல் ஊற்றி, நெரித்துச் சுட்டு, வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். மிஞ்சின ஓரங்களை யன்னலால் எங்களுக்குத் தருவார்கள். பக்கத்தில் சாய்ந்து நின்றது கோதுமை மா மூட்டை.
நற்கருணை! ஞாயிறு பூசையில் நாக்கில் வைக்கிற அப்பம், பாண் செய்கிற அதே மாவில்.
கத்தரீனா பேனையை வைத்துவிட்டாள். "ஏன் மாமா, இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"
"அது சாப்பாடே, பிள்ளை?"
பேனையைத் திரும்ப எடுத்தாள். இரண்டு ஞாயிறும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றவள்தானே அவளும்.

22 செப்டம்பர், ஞாயிறு
சோதித்துப் பார்த்தேன். பூசைக்குப் போனேன், நற்கருணைக்கு எழும்பவில்லை. எல்லாரும் எழும்பிப் போக, வாங்கில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன், பாவம் செய்தவன்போல. வாசலில் ஊர்க்காரி சூசையம்மா பிடித்துக்கொண்டாள்.
"என்ன சுவாம்பிள்ளை அண்ணை, இந்த வயசிலை அப்பிடி என்ன பாவம்?"
"பெரிய பாவம். சொன்னா உனக்கு நித்திரை வராது."
வீட்டை வந்து அழுதன். இதை எழுதாதை எண்டன். எழுதிப்போட்டாள்.

23 செப்டம்பர், திங்கள்
வயிறு ஒன்றும் செய்யவில்லை. சந்தோசப்பட வேண்டிய நாள். இனிச் சாகுமட்டும் வாங்கிலேயே இருக்கிறதோ?

28 செப்டம்பர், சனி
ஃபாதரிடம் போனோம். நாட்களையெல்லாம் கத்தரீனா வாசித்துக் காட்டினாள். கோதுமை இல்லாத அப்பம் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் விடாதாம்.
"அப்பம் இல்லாமல் திராட்சை இரசம் மட்டும் தரலாமோ எண்டு ஆயரிட்டைக் கேக்கிறன், ஐயா. அதிலையும் ஆண்டவர் முழுசாய்த்தான் இருக்கிறார்."
"கேளுங்கோ ஃபாதர். நான் உயிரோடை இருக்கேக்கையே கேளுங்கோ" என்றேன்.

8 அக்டோபர், செவ்வாய்
மீன் சேர்த்து மூன்றாம் நாள். சூடைக் குழம்பு. வயிறு வாய் திறக்கவில்லை. மீன் என்னைக் கைவிடவில்லை.

20 அக்டோபர், ஞாயிறு
அனுமதி வந்தது. கடைசி ஆளாய்ப் போனேன். எனக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணம். திரும்பி வரும்போது சூசையம்மா வாங்கில் நகர்ந்து இடம் விட்டாள்.

21 அக்டோபர், திங்கள்
வயிறு அமைதி. நேற்றுச் சாப்பிட்டது சோறு, சூடைக் குழம்பு, பேரிக்காய்.
"கிண்ணத்திலை குடிச்சதையும் போடட்டோ, மாமா? டொக்டர் எல்லாம் எழுதச் சொன்னவர்."
போடு என்றேன். குழம்புக்குக் கீழே அல்ல; தாளின் உச்சியில், தனியாக.