விமானத்துக்குப் போன செம்புத் தகடு

இன்று இயற்பியல் ஆய்வகத்தில் அரை மணி நேரம் செம்புக் கம்பியைக் கையில் வைத்திருந்தேன் சித்தி. சோப்புப் போட்டுக் கழுவியும் உள்ளங்கையில் அந்த வாடை போகவில்லை. நீங்கள் வேலை முடிந்து வந்து என் கன்னத்தைத் தொடும்போது இரண்டு கையிலும் வெடிமருந்து வாடை அடிக்கும். வலது கையில் மட்டும் கூடவே இந்தச் செம்பு வாடையும் இருக்கும். மருந்து கலக்கும் அறையின் வாசல் சுவரில் பதித்திருந்த செம்புத் தகட்டை ஒவ்வொரு முறையும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவீர்கள் என்பதால் வந்த வாடை.

உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று டீச்சர் விளக்கினார். பட்டாசுக் கம்பெனிகளில் பார்த்திருப்பீர்களே என்றார். வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு டீச்சர் மேல் கோபம் வந்தது. அது நியாயமில்லாத கோபம். மற்றவர்கள் மேல் இருக்கும் கோபம் அப்படியல்ல. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வீட்டில் இப்போது கேட்க ஆளில்லை.

உங்கள் பட்டாசுக் கம்பெனி முதலாளி ஏரோப்பிளேன் வாங்கிய வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு. கம்பெனிக்குப் பின்னாலிருந்த கரிசல் காட்டை மட்டப்படுத்தி, சரளை அடித்து ஓடுதளம் போட்டார்கள். ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய வெள்ளை விமானம். நம் ஊர் தாயில்பட்டியே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்து வைக்க சூப்பர்வைசர் அண்ணாச்சி உங்களைக் கூப்பிட்டார். மருந்து கலக்கிப் பழகிய கை மெதுவாகத்தான் படும், கண்ணாடியில் கீறல் விழாது என்று சொன்னார். என்னையும் உடன் கூட்டிப்போனீர்கள். விமானத்தோடு வந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல அங்கே ஆளில்லை. எனக்கோ புத்தகம் என்றால் போதும்.

நீங்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை.

"போர்வை போத்தணும், எண்ணெய் மாத்தணும், பத்து நாள் வெளிய கூட்டிப் போகாட்டி மொகத்தைத் தூக்கி வச்சிக்கிடும். நம்ம வீட்டு மாப்பிள்ளைகளே தேவல பிள்ள," என்பீர்கள்.

எவ்வளவு சீர் அந்த மாப்பிள்ளைக்கு. இறக்கையில் ஒட்டிய பூச்சிகளை ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்தோம். என்ஜின் மூடிக்குள் குருவி கட்டிய கூட்டை இரண்டு ஞாயிறு அடுத்தடுத்து எடுத்தோம். காற்றின் வேகத்தை அளக்க இறக்கையடியில் ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குச் சிவப்பு நாடா கட்டிய உறை மாட்டாவிட்டால் குளவி மண்ணை வைத்து அடைத்துவிடும். பெட்ரோல் டாங்கின் அடியிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் முதலாளி ஏறமாட்டார். அதே மழைக்காலத்தில்தான் உங்கள் கலவை அறையின் கூரை ஒழுகியது. தண்ணீர் பட்டால் சூடேறும் மருந்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு அந்த மழைக்காலத்தை ஓட்டினீர்கள். அப்போது எனக்கு இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. குவளையை நினைத்தால் வாளிதான் கண்ணில் நிற்கிறது.

ஆடிக் காற்றில், ஓடுதளக் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் துணிப்பை கிழிந்துபோனது ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சு நிற உள்பாவாடைத் துணி எடுத்து நீங்களே புதிதாகத் தைத்துக் கொடுத்தீர்கள். முதலாளி அதைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தபோது என் காதில் சொன்னீர்கள்: "ஏத்தா, எம்புட்டுப் பெரிய ஆளு, எம் பாவாடையைப் பாத்துல்ல தரையிறங்குதாரு." நான் சிரித்த சிரிப்பில் அண்ணாச்சி திரும்பி முறைத்தார்.

மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து விமான இன்ஜினியர் வருவார். அவர்தான் அந்தப் பராமரிப்பு நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த எண். விமானத்தில் மாட்டுகிற ஒவ்வொரு சாமானும் எங்கிருந்து வந்தது, யார் மாட்டினார்கள், இரவல் என்றால் எந்தத் தேதியில் திருப்பினார்கள் என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் பின்னால் யாரும் இந்த விமானத்தை நம்பி வாங்க மாட்டார்கள், வருகிறவன் முதலில் எண்ணைத்தான் பார்ப்பான் என்று அண்ணாச்சியிடம் கண்டிப்பாகச் சொன்னார். அண்ணாச்சி தன் கையெழுத்தைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டு, நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். கம்பெனியில் எத்தனையோ நோட்டுகள் உண்டு. உண்மையை மட்டும் எழுதிய நோட்டு அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். முதலாளி விருந்தாளிகளை அழைத்து வந்திருந்தார். பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் நான் புத்தகத்தைப் பிரித்து, யாரும் கேட்காமலே ஒரு வரியைச் சத்தமாக வாசித்தேன். எரிபொருள் ஊற்றும்போது விமானத்தை ஒரு செம்புக் கம்பியால் மண்ணோடு இணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும். தமிழில் திருப்பியும் சொன்னேன். விருந்தாளிகள் முன்னால் எனக்கு அவ்வளவு பெருமை.

முதலாளி பயந்துபோனார். அதுவரை அப்படி இணைக்காமல்தான் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குச் சிவகாசியில் கடை எதுவும் திறந்திருக்காதே என்று அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். முதலாளி யோசிக்கவே இல்லை.

"நம்ம மருந்து ரூம்ல இருக்குல்லா. அதைக் கழத்திட்டு வந்து மாட்டுங்க. இன்னைக்கு லீவுதான? நாளைக்குக் காலைல திருப்பி வச்சிருங்க."

தகட்டையும், அதிலிருந்து மண்ணுக்குள் போகும் தடித்த கம்பியையும் பெயர்த்துக் கொண்டுவந்து, கம்பியைக் கொட்டகை ஓரத்து மண்ணில் இறக்கி, தகட்டிலிருந்து விமானத்துக்குக் கிளிப் வைத்த ஒரு கம்பி இழுத்தார்கள். நான் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், கோடு பிசகாமல் எழுதினேன்: செம்புத் தகடும் கம்பியும், மருந்துக் கலவை அறையிலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டன. திருப்பிய தேதிக்கான கட்டத்தை மறுநாளுக்காகக் காலியாக விட்டேன்.

அந்தக் கட்டம் நிரம்பவே இல்லை. புதுத் தகடு ஆர்டர் போட்டாச்சு என்றார்கள். தீபாவளி சீசன் தொடங்கியது, லோடு லோடாகப் பட்டாசு போனது, தகடு மட்டும் வரவில்லை. கொட்டகையில் ஞாயிறுதோறும் அந்தக் கம்பியின் கிளிப்பை விமானத்தில் மாட்டி, பெட்ரோல் ஊற்றி முடிக்கும்வரை காவல் நின்றது யார்? நீங்கள்தான் சித்தி. உங்கள் உயிரைக் காக்க வைத்திருந்ததை உங்கள் கையாலேயே மாப்பிள்ளைக்கு மாட்டினீர்கள்.

அண்ணாச்சியிடம் கேளுங்கள் என்று நான் நச்சரித்தேன். ஒருமுறை கேட்டீர்கள். மறுமுறை கேட்டால் சீசன் நேரத்தில் முகத்தைத் தூக்குகிறார்கள் என்றீர்கள். பிறகு அதையும் சிரிப்பாக்கிவிட்டீர்கள்.

"செவத்துல நாலு ஓட்டைதான் இருக்கு. ஆனாலும் அதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போறேன். கை கேக்க மாட்டேங்குது பிள்ள."

அந்தச் சிரிப்பின் மேலும் எனக்குக் கோபம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். வேறொருத்தி என்றால் வாசலில் உட்கார்ந்துகொண்டு, தகடு வந்தால்தான் உள்ளே போவேன் என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். அது பொய் என்றும் தெரியும்; நம் ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இருந்தாலும் கேட்கிறேன். தெரிந்தும் எதுக்குச் சித்தி உள்ள போனீக?

ஆவணியில் காற்று காய்ந்து அடித்த ஒரு காலை. பள்ளி ஜன்னல்கள் அதிர்ந்தன. எங்கள் பள்ளியில் ஜன்னல் அதிர்ந்தால் யாரும் பேச மாட்டோம், எந்தப் பக்கம் புகை என்று மட்டும் பார்ப்போம். அன்று நம் பக்கம்.

உராய்வினால் விபத்து என்று செய்தித்தாளில் வந்தது. எது எதோடு உராய்ந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று நானும் அம்மாவும் கம்பெனி வாசலில் போட்டிருந்த சாமியானா ஓரத்தில் நின்றோம். அண்ணாச்சி கைகட்டிக்கொண்டு சொன்னார்: "தகடு இருந்துச்சு சார். வெடிச்சதுல எங்கன போச்சுன்னு தெரியல. அந்தப் பொம்பள அவசரத்துல அதைத் தொடாம உள்ள போயிருக்கா."

வெறும் சுவரைக்கூடத் தொட்டுவிட்டுப் போன உங்களை.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். அம்மா என் கையை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

போன வாரம் அண்ணாச்சி நம் வீட்டுக்கே வந்தார். விமானத்தை விற்கப்போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வந்து பறந்து பார்ப்பாராம், நோட்டையும் கேட்பாராம்.

"நாப்பத்தொண்ணாம் பக்கத்துல அந்த ஒரு வரியை மட்டும் அடிச்சிட்டு, கடையில வாங்குனதுன்னு எழுதிரு தாயி. ஒன் எழுத்துல இருந்தாத்தான் ஒண்ணுபோல இருக்கும்."

அவர் போன பிறகு அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "நானும் நாளைக்கு அங்கனதான் டப்பா ஒட்டப் போகணும். அவுக சொல்றபடி எழுதிட்டு வந்துரு," என்றாள். அம்மா மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனாலும் பட்டேன்.

சனிக்கிழமை தபால் நிலையத்துக்குப் போய், விசாரணை அதிகாரிக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். நோட்டு எங்கே இருக்கிறது, எத்தனையாம் பக்கம், எந்த வரி என்று எழுதினேன். புத்தகத்தை வாசித்துச் சொன்னதும் நான்தான், நோட்டில் எழுதியதும் நான்தான் என்பதை முதல் வாக்கியத்திலேயே வைத்தேன்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். தகடு அங்கேதான் கிடந்தது. பெட்ரோல் ஊற்ற வேண்டுமே. அதன் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. பல வருடங்களாக உங்கள் கையும் மற்றவர்கள் கையும் பட்ட இடம். வெளியே உங்கள் ஆரஞ்சுத் துணிப்பை காற்றில் நீட்டி நின்றது. நோட்டைப் பிரித்து, காலியாக விட்டிருந்த கட்டத்தில் எழுதினேன்: இன்றுவரை திருப்பி வைக்கப்படவில்லை. கீழே தேதியும் என் முழுப் பெயரும்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "என்ன பிள்ள எழுதிருக்க?" என்றார்.

"நடந்ததை எழுதியிருக்கேன் அண்ணாச்சி."

பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தவர் அப்படியே நின்றார். கிழித்தால் நாற்பதுக்கு அடுத்து நாற்பத்து மூன்று வரும். வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் நோட்டை மூடி, விமானத்தின் இருக்கை மேல், வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்து நோட்டையும் தகட்டையும் எடுத்துப்போனதாகச் சொல்கிறார்கள். புதன்கிழமை அம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். அம்மா தட்டில் சோறு வைக்கிறாள், பேசுவதில்லை. இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தொடாமல் உள்ளே போனவள் என்று இனி யாராவது உங்களைச் சொன்னால், அவர்கள் முன்னால் அந்த நோட்டு திறந்து கிடக்கும். அதற்குமேல் என்னால் முடிந்தது எதுவும் இல்லை.

இன்று ஆய்வகத்துக்குள் நுழையும்போது எல்லோரும் நேராக உள்ளே போனார்கள். நான் வாசலில் ஒரு நொடி நின்று, வெறும் சுவரை வலது கையால் தொட்டுவிட்டுப் போனேன். பின்னால் வந்தவள் என்னடி என்று கேட்டாள். கை கேட்க மாட்டேன் என்கிறது சித்தி.