‘விட்டுடறேன்’ என்று நான் சொன்னது

அன்புள்ள லவ்ரி,

நீ சுகமாக இருக்கிறாய், பூமியின் அந்தப் பக்கத்தில் குளிர் தொடங்கும் முன்பே அந்த அறையின் ஜன்னலைச் சரிசெய்யச் சொல்லிவிட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் இன்று காலை பதினொரு மணி வரை பத்திரமாக இருக்கிறோம். அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாத நிலையில் இருப்பதால்தான் இந்தக் கடிதம். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பயந்திருப்பாய். அப்பா இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் விறகு அடுக்கிக்கொண்டிருக்கிறார், ஜன்னல் வழியாகத் தெரிகிறார், ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். போன வாரம் நூலகத்திலிருந்து உனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் லைன் கோளாறு, அப்பா நலம், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே என்று மூன்று விஷயம் எழுதியிருந்தேன். கோளாறு என்பது பொய், நலம் என்பது பாதி உண்மை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். சொல்லத்தான் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டே உட்கார்ந்தேன்.

ஜனவரிக் கடைசியில் பிராட்பேண்ட் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது, ஏப்ரல் முதல் மாதம் நான்கு பவுண்டு கூடுகிறது என்று. ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு, கையெழுத்துப் போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு எந்தக் கடிதத்தையும் நம்பும் பழக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தேன், அதில் ஏப்ரலில் மூன்று பவுண்டு கூடும் என்றுதான் போட்டிருந்தது. சொன்னதைவிட அதிகம் கூட்டினால் அபராதமில்லாமல் விலகிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. பென்சிலால் அடிக்கோடு போட்டு நெஸ்டாவிடம் காட்டினேன். பக்கத்து வீட்டு நெஸ்டாவை நீ மறந்திருக்க முடியாது, இப்போதும் ஸ்கூல் மினிபஸ் ஓட்டுகிறாள், இப்போதும் அந்த வண்டியைவிட அவள் குரல்தான் முதலில் மேட்டுக்கு வருகிறது. அவள் சிரித்தாள். "ஏ மென்னா, காகிதத்தைப் படிச்சு யாருடி பேரம் பேசுவா? போன் போட்டு நாலாம் நம்பரை அமுக்கு. 'விலக நினைக்கிறேன்'ங்கிறதுக்கு உள்ள நம்பர். மத்த நம்பருக்கெல்லாம் முக்கால் மணி நேரம் பாட்டுப் போடுவான், இதுக்கு மட்டும் முதல் மணியிலேயே ஓடி வருவான். போறேன் போறேன்னு சொல்லணும், ஆனா போயிடக் கூடாது. எங்க வீட்டுக்காரரையே நான் இப்படித்தான் முப்பது வருஷமா வழிக்குக் கொண்டு வர்றேன்" என்றாள். ஊரில் எல்லோரும் வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறார்கள், செய்துவிட்டுக் கடையில் நின்று யாருக்கு எவ்வளவு குறைந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். எனக்குக் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு பவுண்டு வித்தியாசம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. பணம் பெரிதில்லை. நான் சொல்வதுதான் சரி என்று அவர்கள் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் குணம் உனக்கும் இருக்கிறது, அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிப்ரவரி பாதியில் ஒரு சனிக்கிழமை நாலாம் நம்பரை அமுக்கினேன். ஜேமி என்று ஒரு பையன் எடுத்தான், நல்ல மரியாதையான குரல். காகிதத்தில் உள்ளதைச் சொன்னேன், அவன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. புதிதாக இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டால் மாதம் ஐந்து பவுண்டு குறைத்துத் தருவதாகச் சொன்னான், ஆனால் சுவரில் உள்ள பழைய போன் இணைப்பை எடுத்துவிட்டு இன்டர்நெட் பெட்டி வழியாகவே போனும் வருமாம். எனக்கு உடனே அப்பாவின் அலாரம் ஞாபகத்துக்கு வந்தது. நீ போன பிறகு மாட்டியது அது, நீ பார்த்ததில்லை. மூளையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வலிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாததால் அப்பா மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டன் கட்டியிருக்கிறார். அதை அமுக்கினால் ஹாலில் உள்ள பெட்டி போன் லைன் வழியாக ஓர் அலுவலகத்தைக் கூப்பிடும், அங்கிருந்து ஓர் அம்மா "எம்ரிஸ், நல்லா இருக்கீங்களா?" என்று பெட்டிக்குள்ளிருந்து கேட்பார், பதில் இல்லாவிட்டால் ஆம்புலன்சை அனுப்புவார். நான் பள்ளியில் வேதியியல் நடத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் அப்பாவுக்குத் துணை அந்த அம்மாதான். மொபைல் சிக்னல் இன்றுவரை சேப்பல் வாசலுக்கு மேல் ஏறினால்தான் கிடைக்கிறது. அந்தப் பட்டன் புதிய இணைப்பில் வேலை செய்யுமா என்று கேட்டேன். "அது எனக்குத் தெரியாதுங்க, அலாரம்காரங்களைத்தான் கேக்கணும்" என்றான். கரண்ட் போனால்? "கரண்ட் போனா போனும் போயிடும்" என்றான். நம் பள்ளத்தாக்கில் காற்று அடித்தால் கரண்ட் எத்தனை மணி நேரம் போகும் என்று உனக்கே தெரியும். பயந்துபோய், "அப்படின்னா விட்டுடறேன்" என்று சொன்னேன்.

இந்தப் பேரப் பேச்சை விட்டுவிடுகிறேன் என்பது நான் சொன்னது. இந்த இணைப்பையே விட்டுவிடுகிறேன் என்பது அவன் கேட்டது. நான் அமுக்கியது விலகுகிறவர்களின் நம்பர், அவனுக்கு வேறு எப்படி விளங்கும். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா?" என்றான். நிச்சயமாக, உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். "நீங்க போறது எங்களுக்கு ரொம்ப வருத்தம்" என்றான். போனை வைக்கும்போது இவர்களுக்கு இப்படி ஏதாவது சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, மரியாதைக்கு "எனக்கும்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு அவர்களிடமிருந்து ஓர் உறை வந்தது. விளம்பரம் என்று நினைத்து, பிரிக்காமல், மற்ற விளம்பரங்களோடு மேசை இழுப்பறையில் போட்டேன். எதையும் நம்பாதவள் என்று பெயர் எடுத்தவள், படிக்க வேண்டிய ஒன்றைப் படிக்கவில்லை.

போன வாரம் திங்கட்கிழமை மாலை இன்டர்நெட் வரவில்லை, போனிலும் சத்தமில்லை. காற்று வேகமாக இருந்தது, எங்கேயோ கம்பி அறுந்திருக்கும் என்று இருவருமே பேசிக்கொண்டோம். அலாரப் பெட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. "பசியெடுத்த ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது, புட்டிப்பால் குடு" என்று அப்பா அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நானும் சிரித்தேன். செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் பள்ளிக்குப் போனேன். லவ்ரி, அந்தப் பெட்டி எதற்காகக் கத்துகிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன், ஒருநாள்தானே என்று. மூன்றரை மணிக்குக் கதவைத் திறந்தபோது அப்பா சமையலறைத் தரையில், அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் கிடந்தார். புருவத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. நினைவு இருந்தது, ஆனால் இடது கால் எழவில்லை. முன்பொருமுறை இப்படி ஆனபோதும் கால் திரும்ப வெகுநேரம் பிடித்தது. ஒன்றரை மணி வானொலிச் செய்தி அவருக்கு ஞாபகம் இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கட்டை விரல் இன்னும் அந்தப் பட்டன் மேல் இருந்தது. "அமுக்கிக்கிட்டே இருந்தேன் மென்னா, அந்தம்மா வரலே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்பதுபோல் சொன்னார். நெஸ்டா அவள் மினிபஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு போனாள், புருவத்தில் ஆறு தையல், தலைக்குள் புதிதாக ஒன்றும் இல்லை என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இழுப்பறையில் உள்ள உறையை அன்று மாலைதான் பிரித்தேன். நீங்கள் கேட்டபடி ஒரு மாதத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று அதில் இருந்தது.

அன்றிலிருந்து நெஸ்டா வீட்டு போனில்தான் என் வாழ்க்கை. இணைப்பு முடிந்துவிட்டது, மறுபடி வேண்டுமென்றால் புது வாடிக்கையாளராகத்தான் சேர வேண்டும், ஆள் வரப் பத்தொன்பது நாள் ஆகும் என்றார்கள். மூன்று பவுண்டு என்று எழுதிவிட்டு நான்கு பவுண்டு கூட்டியதைச் சொன்னேன், சட்டம் சொன்னேன், புகார் எண் கேட்டு வாங்கினேன், ஒவ்வொருவர் பெயரையும் மணியையும் எழுதிவைத்தேன். யாரும் அசையவில்லை. காலையில் பள்ளிக்குப் போகிறேன், நெஸ்டா மினிபஸ் ஓட்டும் நடைகளுக்கு இடையே வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறாள், நான் பதினொரு மணி இடைவேளையில் ஆபீஸ் போனிலிருந்து அவளைக் கூப்பிட்டு அவர் நிற்கிறாரா என்று கேட்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை நாற்காலியைப் பின்னால் தள்ளினால்கூட எனக்கு அது அப்பா விழும் சத்தமாகவே கேட்கிறது. நேற்று ஒரு மேனேஜர் பெண்மணி கிடைத்தாள். அன்றைய பதிவைப் போட்டுக் காட்டுகிறேன் என்று என் குரலையே எனக்குக் கேட்கவைத்தாள். "விட்டுடறேன். நிச்சயமா. மன்னிச்சுக்கோங்க." அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். என் குரல் அவ்வளவு பணிவாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. பிறகு அவள், வீட்டில் உடல்நலம் இல்லாதவர், தனியாக விடமுடியாதவர் யாராவது இருக்கிறார்களா, இருந்தால் முன்னுரிமைப் பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் அந்த வார்த்தையை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள்.

அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், அவரைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. டிரைவிங் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவர் என்னிடம் வாங்கிய சத்தியம் உனக்குத் தெரியாது. என்னை எந்தப் பட்டியலிலும் சேர்க்காதே, பால் லாரியை இந்த மலைப்பாதையில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவன் நான் என்றார். அதனால் நான் வாயைத் திறக்காமல் நின்றேன். அந்தப் பெண்மணி இருக்கிறீர்களா, இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். "என் பேரு எம்ரிஸ். வயசு அம்பத்தி மூணு. வலிப்பு வரும், எப்ப வரும்னு சொல்ல முடியாது. போன செவ்வாய்க்கிழமை ரெண்டு மணி நேரம் சமையலறையிலே கிடந்தேன், பட்டனை அமுக்கினேன், யாரும் வரலே. என் சம்சாரம் இதைச் சொல்ல மாட்டா, நான்தான் சொல்லாதேன்னேன். தனியா இருக்க எனக்குப் பயமா இருக்குங்க" என்றார். வாசலில் நின்ற நெஸ்டா எங்கள் இருவருக்கும் டீ போட உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆள் வருகிறார்கள். கரண்ட் போனாலும் போன் வேலை செய்ய ஒரு பேட்டரிப் பெட்டியும் கொண்டுவருகிறார்கள், அன்றைக்கே அலாரம்காரர்களும் வந்து பட்டனைச் சோதித்துப் பார்த்துத் தருவதாக ஏற்பாடு. பழைய நம்பரே கிடைக்கும் என்கிறார்கள். பழைய விலையும்தான், அந்த ஒரு பவுண்டையும் சேர்த்துக் குறைத்துவிட்டாள், கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தப் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு எழுதிவைத்திருக்கிறேன், அது எனக்குப் போதவில்லை. வெள்ளி வரை லீவு போட்டுவிட்டேன். நியாயமாக இப்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளும் பயப்படுகிற வேலையை நான் ஒருத்தி பார்த்துக்கொள்கிறேன், அவர் பாட்டுக்கு இருக்கிறார் என்று நினைத்திருந்தேன், அதுவே ஒரு பிடிமானமாக இருந்திருக்கிறது. அவரும் கூடவே பயந்துகொண்டிருந்திருக்கிறார், ஒவ்வொரு காலையும் நான் கார் சாவியை எடுக்கும்போது. நேற்று இருவரும் வீட்டுக்குத் திரும்பி நடந்தோம். வேலிக்கதவருகில் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார், உள்ளே வந்தும் விடவில்லை.

நீ கிளம்பி வர வேண்டாம். டிக்கெட் எதுவும் பார்க்காதே, வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. உன் வீட்டு ஒப்பந்தக் காகிதங்களை எடுத்துப் படி. வருகிற உறை எதுவானாலும் பிரி. யாரிடமாவது போனில் ஏதாவது முடிவு பேசினால், வைக்கும் முன் நான் சொன்னதை நீங்கள் என்னவென்று எழுதிக்கொண்டீர்கள் என்று கேட்டுவிட்டு வை, கூச்சப்படாதே. இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் போன் வந்திருக்கும், அப்படித்தான் நம்புகிறேன். மணி அடித்தால் அப்பாதான் எடுப்பார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள். ஒன்றுமில்லை என்பார். உடனே வானிலைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் போய்விடாதே, நாம் மூவரும் அதைத்தான் இவ்வளவு நாளும் செய்துவந்தோம். கொஞ்சம் பொறுத்திரு, லைனில் சத்தமில்லாமல் இருந்தாலும் வைத்துவிடாதே. அவருக்குச் சொல்ல வருகிறது. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொன்னவர் உன்னிடமும் சொல்வார்.

எந்தக் குறையும் இல்லாமல், உன்னைப் பார்த்துக்கொள்ள நல்ல மனிதர்கள் சூழ நீ இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம். இது கிடைத்ததும் வருகிற சனிக்கிழமை, உனக்கு எந்த நேரமானாலும் சரி, ஒருமுறை கூப்பிடு.

விறகு அடுக்கி முடிந்துவிட்டது, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருகிறார். இத்துடன் நிறுத்துகிறேன்.

என்றும் உன்
அம்மா