புழுவுக்கு வந்த நோய்

1959 மார்ச் 3
நாற்றுத் தவறணையில் இன்றும் ஒரு பாத்தித் தேயிலைக் கன்று வாடிக் கிடந்தது. பிடுங்கினால் வேரே இல்லை. அடியில் கொழுத்த வெள்ளைப் புழு. இதுதான் வளர்ந்து வண்டாகுமாம். பூச்சி ஆபீசர் நடராசா ஐயா ஒரு பொடி கொண்டுவந்தார். நோய் கண்டு செத்த புழுக்களை அரைத்ததாம். மண்ணில் கலந்தால் மற்றதுகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். கலப்பது யார்? நாங்கள்தான், வெறுங்கையால். தோட்டத்துத் துரை காரைவிட்டு இறங்கவில்லை.

மார்ச் 29
புழுக்களுக்கு நோய் கண்டுவிட்டது. ஐயா ஒரு புழுவின் காலைக் கிள்ளிக் காட்டினார். நல்ல புழுவென்றால் தண்ணீர் மாதிரி வருமாம். இதில் பால் போல வெள்ளையாக வந்தது. நான் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்.

"மனுசருக்கு ஒட்டாதுங்களா, ஐயா?"

"ஒண்டும் செய்யாது பிள்ளை. இது புழுவுக்கு மட்டும்தான்."

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

மார்ச் 30
சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். பிள்ளை சின்னராசா மார்பைத் தேடினான் — கொடுக்கவில்லை. அந்த நோய் என் உடம்புக்குள் போயிருந்தால்? கந்தப்பளைக் கடையில் டின்பால் வாங்கிக் கரைத்துக் கொடுத்தேன். "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று வீட்டுக்காரர் கத்தினார். கத்தட்டும். பெத்தவ நான்.

ஏப்ரல் 6
மார்பு கல்லாய்க் கனத்து வலித்தது. இப்போது வற்றிவிட்டது.

ஏப்ரல் 8
பிள்ளைக்கு வயிற்றாலே போகிறது. கண் குழி விழுந்துவிட்டது. ஐயோ மாரியாத்தா, அந்த நோய் வந்தே விட்டதா?

ஏப்ரல் 9
டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருந்தையா பால் போத்தலை மோந்து பார்த்தார்.

"புழுவுமில்ல, ஒண்ணுமில்ல. இந்தப் போத்தல்தான் புள்ளய கொல்லுது. தாய்ப்பால குடு."

எங்கே போவேன்? வத்திப்போச்சே. நானே பண்ணிட்டேனே... எம்புள்ளைக்கு நானே பண்ணிட்டேனே.

ஏப்ரல் 10
அடுத்த காம்பராவில் குடியிருக்கும் வேலாயி அக்காவுக்கும் கைக்குழந்தை உண்டு. என்னோடு அதே பாத்தியில் அதே பொடியைக் கலந்தவள். சின்னராசாவை வாங்கித் தன் மாரில் போட்டுக்கொண்டாள்.

"எம்புள்ள குண்டுக்கல்லாட்டம் இருக்கான். ஒம்புள்ளைக்கு மட்டும் என்னாடி வந்துறப்போவுது? நீயும் தெனம் மாருல போடு. சப்பச் சப்ப ஊறும்."

அவன் குடித்தான். பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

ஏப்ரல் 17
வயிற்றோட்டம் நின்றது. எனக்குத்தான் இன்னும் ஊறவில்லை.

ஏப்ரல் 27
புதுக் கன்றுகள் வேர் பிடிக்கின்றன என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா சொன்னார். செத்த புழுக்களைப் பொறுக்கி, நோய் அங்கேயும் பரவட்டுமென்று அடுத்த பாத்தியில் புதைத்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் பிள்ளைகளை விட்டுவரும் புள்ளைக் காம்பராவிலிருந்து அவன் அழுகிற சத்தம் கேட்டது. என் ரவிக்கை நனைந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன்.

பயம் இன்னும் போகவில்லை. கொடுத்தேன்.