எல்லாரும் ஏறியாச்சு

மே 4, திங்கள்

காலையிலிருந்து தலைவலி. கடையில் ஒரு பெரியவருக்கு இடது கண் லென்ஸை வலது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டேன். மாட்டிக்கொண்டு போனவர் வாசல்படியில் தடுக்கினார், நல்லவேளை விழவில்லை. முதலாளி ஏதாவது சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அப்படி ஒரு மனநிலை.

மதியம் படகு வாடகைக்காரர் போன் செய்தார். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு வாரம் கால்வாயில் போக அவரிடம்தான் படகு எடுப்போம். "வழக்கமா அக்கா இந்நேரம் பேசியிருப்பாங்களே, காணோமேன்னு கூப்பிட்டேன்." அக்கா இறந்துபோனதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். அவர் மெதுவாக, "அப்ப அந்த வாரத்தை வேற யாருக்காவது குடுத்துரட்டுமா?" என்றார்.

வேண்டாம், வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். யாரைக் கேட்டு? யாரையும் கேட்கவில்லை.

மே 5

"சகலையக் கேக்காம நீ எப்படிச் சொல்லலாம்?" என்கிறார் வீட்டுக்காரர். அத்தானைக் கேட்டால் வேண்டாம் என்பார். அதனால்தான் கேட்கவில்லை.

மே 10, ஞாயிறு

அத்தான் வீட்டுக்குப் போனேன். டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் கவிழ்க்கும் தட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். குழாய் சொட்டுகிறது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்த்த மனுஷன், சொந்த வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாற்றவில்லை.

அக்கா மகள் அவரைத் தன் ஊருக்கே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாள். "எத்தனை நாளைக்கு சித்தி, இப்படித் தனியா விட்டு வைக்கிறது?" என்று போனில் கேட்கிறாள். அவள் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அத்தானும் போய்விட்டால் அக்காவைப் பற்றிப் பேச எனக்கு யார் இருக்கிறார்கள்? அவள் சின்ன வயதில் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும், பிறகு எப்படி இருந்தாள் என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு வாரம் பழையபடி படகில் சுக்கானைப் பிடித்துவிட்டால் தேறிவிடுவார். தேறினால் இங்கேயே இருப்பார். இதுதான் என் கணக்கு.

படகைப் பற்றிச் சொன்னதும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "லாக்குல யாரு இறங்குவா?" என்று கேட்டார். கரையில் இறங்கி, படகை ஏற்றி இறக்கும் லாக் கதவுகளைத் திறந்து மூடுவது எப்போதும் அக்காதான்.

"நான் இறங்குறேன் அத்தான்."

எழுந்துபோய் அக்காவின் சாவியை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். நீல டேப் சுற்றியது, லாக்கின் தண்ணீர் மடையைத் திறப்பது. சாவி என்று பெயர்தானே தவிர, பார்த்தால் லாரி ஜாக்கிக்குப் போடும் கைப்பிடி மாதிரி இருக்கும்.

ஜூன் 6, சனி

ஏறிவிட்டோம். நாங்கள் இருவர், அத்தான், எப்போதும் கூட வரும் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். அந்த அம்மாவுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே அக்காதான். இன்றும் ஸ்டேஷன் நிற்கவில்லை. சமையல் மேடையிலிருந்து திரும்பினால் கட்டில், கட்டிலிலிருந்து திரும்பினால் கழிப்பறை. வீட்டுக்காரர் படுத்தால் கால் நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. போகிறவர் வருகிறவரெல்லாம் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அத்தானிடம் யாரும் சொல்லவில்லை. அவராகவே பின்பக்கம் போய்ச் சுக்கானைப் பிடித்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

ஜூன் 7, ஞாயிறு

நாள் முழுக்க நேர்க்கால்வாய், லாக் கிடையாது. இரண்டு பக்கமும் மரங்கள், தொழிற்சாலைகளின் பின்சுவர்கள், துணி காயும் கொல்லைகள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தேன். இடது பக்கம் போக வேண்டுமென்றால் சுக்கானை வலது பக்கம் தள்ள வேண்டும். கரையில் போய் முட்டினேன்.

"அவளுக்கும் இது வரவே இல்ல பாப்பா. ஒரே நாளோட விட்டுட்டா," என்றார் அத்தான்.

சிரித்தார். எட்டு மாதத்தில் முதல் தடவை. எழுதி வைக்கிறேன்.

ஜூன் 8, திங்கள்

இன்றே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் முதல் லாக். கால்வாய் மட்டம் இறங்குகிற இடத்தில், முன்னும் பின்னும் கதவு வைத்த ஒரு தொட்டி. படகு உள்ளே போனதும் மேல்கதவை மூடிவிட்டு, சாவியைப் போட்டுச் சுற்றித் தண்ணீரை வெளியே விட்டால், படகு மெல்லக் கீழே இறங்கும். "படகுக்கு வச்ச லிஃப்ட்டு" என்பார் அத்தான். பிறகு இரட்டைக் கதவான கீழ்க்கதவைத் திறந்தால் படகு வெளியேறும். கரையில் இருப்பவர் அந்த இரண்டையும் சாத்திவிட்டு, படியிறங்கி வந்து ஏறிக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் கரையில் அக்கா, படகில் அத்தான். ஒரு தடவைகூட மாறியதில்லை. நாங்களெல்லாம் உள்ளே டீ குடித்துக்கொண்டிருப்போம்.

மழை வேறு. சாவி இரண்டு தரம் வழுக்கியது. எப்படியோ தண்ணீர் இறங்கி, படகும் வெளியே போனது. கதவுகளைத் தள்ளித் தள்ளிச் சாத்தினேன், முதுகு விட்டுப்போயிற்று. படியிறங்கி வந்து ஏறினேன்.

அத்தான் படகை எடுக்கவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. சுக்கானில் கை. கண் அந்தப் படிக்கட்டில். மருந்துக்கடைக்காரர் கண்டக்டர் மாதிரி, "எல்லாரும் ஏறியாச்சு, போலாம் ரைட்" என்றார். அத்தான் அசையவில்லை. பின்னால் வந்த படகுக்காரன் ஹாரன் அடித்தான். ரேடியோ, "அண்ணன் நின்னுக்கிட்டே தூங்குறாரு பாருங்க" என்று சிரித்தாள். வீட்டுக்காரர் அவர் தோளைத் தொட்டு, "சகல" என்றார். அப்போதும் படியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும்தான் சொன்னேன்.

"அக்கா வரமாட்டா அத்தான். செத்துப் போயிட்டா. படகை எடுங்க."

இப்படியா சொல்லுவாங்க? எல்லார் முன்னாடியும்? என் வாய்க்கு என்ன வந்துச்சு?

"தெரியும் பாப்பா," என்றார். அவ்வளவுதான். படகை எடுத்தார். அடுத்த பாலத்தில் கரை ஒதுக்கினார். கயிற்றை எப்போதும்போல இரண்டு சுற்றுச் சுற்றி ஒழுங்காகக் கட்டினார். உள்ளே போய்ப் பையை எடுத்தார். என் கையிலிருந்த சாவியையும் வாங்கிக்கொண்டார். பாலத்தின்மேல் பஸ் நிறுத்தம். மழையில், ஒரு கையில் பையும் ஒரு கையில் அந்த இரும்புமாக நின்றார். வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கெஞ்சிப் பார்த்தார். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

ஜூன் 9

ரேடியோகூடப் பேசவில்லை.

ஜூன் 10, புதன்

பாதியில் திரும்பிவிட்டோம். படகு வாடகைக்காரர் ஆட்களை எண்ணிப் பார்த்துவிட்டுக் கயிற்றை வாங்கிக் கட்டினார்.

ஜூலை 19, ஞாயிறு

அத்தான் மகள் வீட்டுக்கே போய்விட்டார். போன வாரமே. எனக்கு இன்றுதான் தெரியும். வீட்டுக்காரர் போய்ச் சாமான் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. சண்டை போட்டேன். "சொல்லி என்ன பண்ணப் போற?" என்றார்.

ஜூலை 22

மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று ஞாபகம் வந்தது. படியிறங்கி வரும்போது அக்கா ஒன்று சொல்வாள். "ரெண்டு கதவையும் சாத்திட்டேன்." மழையோ வெயிலோ, ஒவ்வொரு லாக்கிலும். உள்ளே எங்கள் காதிலும் விழும், ஆனால் யார் கவனித்தோம்? அதைக் கேட்ட பிறகுதான் அத்தான் படகை எடுப்பார். அன்றைக்கு நான் அதைச் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்து ஏறிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாரா? அதைச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பாரா? தெரியாது. சொன்னால் இன்னும் மோசமாகக்கூட ஆகியிருக்கலாம்.

கடையின் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். முதலாளி வந்து மின்விசிறியைப் போட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 3, சனி

அக்காவின் வருஷ நாள். அங்கே போன் செய்தேன். அக்கா மகள்தான் எடுத்தாள். "அப்பா வெளியில போயிருக்காரு சித்தி." பின்னால் அவர் செருமுவது கேட்டது. முப்பது வருஷமாகக் கேட்ட செருமல், எனக்குத் தெரியாதா?

சரிம்மா என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 4

அன்றைக்கு நானும்தான் அந்தப் படியைப் பார்த்தேன். ஒரு நொடி. அவள் நனைந்த செருப்போடு திட்டிக்கொண்டே இறங்கி வருவாள் என்று நானும்தான் நினைத்தேன். அந்தக் கோபத்தை அவர்மேல் கொட்டினேன். இதை அவரிடம் சொல்ல வேண்டும். போனை எடுத்தால்தானே.

மே 12, புதன்

வீட்டுக்காரர் அவராகவே படகு பதிவு செய்திருக்கிறார். இருவருக்கான சின்னப் படகு. மருந்துக்கடைக்காரர்கள் இந்த வருஷம் மலைக்குப் போகிறார்களாம். "எனக்கு வேணாம்" என்றேன். "எனக்கு வேணும்" என்றார். இந்த மனுஷன் எப்போதிலிருந்து இப்படிப் பேசுகிறார்?

ஜூன் 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை ஏறியதிலிருந்து நான்தான் ஓட்டினேன். இப்போது வருகிறது. இடது பக்கம் போக வலது பக்கம்.

அந்த லாக்கை நெருங்கும்போதே இன்ஜின் வேகத்தைக் குறைத்தேன். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. கரையில் ஒரு ஆள் நின்றார், தலையில் துண்டு, கையில் நீல டேப் சுற்றிய சாவி.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "நான்தான் தேதி சொன்னேன்" என்றார்.

உள்ளே போனோம். அத்தான் மேல்கதவைச் சாத்தினார், சாவியைப் போட்டுச் சுற்றினார். மெலிந்திருக்கிறார். தண்ணீர் இறங்க இறங்க நாங்கள் கீழே போனோம், அவர் மேலேயே நின்றார். சுவர் உயர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அவர் செருப்பு நுனி மட்டும் தெரிந்தது. பிறகு தலை எட்டிப் பார்த்தது.

"இங்கேர்ந்து பாத்தா உன் உச்சந்தலைதான் தெரியுது பாப்பா. இத்தன வருஷமும் அவ என் வழுக்கையத்தான் பாத்துக்கிட்டு நின்னிருக்கா."

"அத்தான், அன்னைக்கு நான்..."

"சுக்கானப் பாரு. சுவர்ல உரசுது."

கீழ்க்கதவு திறந்தது. வெளியே வந்து படியோரமாகப் படகை நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. அவர் ஒரு கதவைத் தள்ளிச் சாத்தினார். சுற்றி வந்து மற்றதையும் சாத்தினார். ஒவ்வொரு படியாக இறங்கிவந்து கடைசிப் படியில் நின்றார். எட்டி வைத்தால் படகு.

"ஏறுங்க அத்தான்."

"இல்ல பாப்பா. எனக்கு இனிமே அது முடியாது. நாலு மணிக்கு பஸ் இருக்கு." சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். டேப் புதிது.

வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். நான் எடுக்கவில்லை. அத்தான் என்னைப் பார்த்தார், படியைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கதவையும் சாத்திட்டேன்," என்றார்.

படகை எடுத்தேன்.