உங்களுக்காக நான் அடித்த சூடம்

மச்சான்,

இன்று காலை கோயிலில் சூடத்தட்டை என் முன்னால் நீட்டினார்கள். நகரசபைத் தேர்தலில் என் தம்பி நிற்கிறான். நம் ஆட்கள் சொல்கிறபடிதான் அவன் சபையில் கை தூக்குவான் என்று அண்ணன் நான் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டுமாம். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்புதான் வந்தது.

இன்சீன் ரயில் பட்டறையில் கிளார்க்காக இருந்து, மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைத் தமிழர் ஓட்டில் நகரசபைக்குப் போனவர் நீங்கள். அங்கே போயும் எந்த அணியிலும் சேரவில்லை. கதவோரம் தனி நாற்காலி. ஏன் என்று கேட்டதற்கு, "அங்கதான் காத்து வருது மாப்ளே" என்றீர்கள். பெரிய காரணம்!

அந்த வருஷம் குடிதண்ணீர்க் குழாய் ஓர் இடத்துக்குத்தான். நம் வரிசை வீடுகளுக்கா, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பர்மியர் குடியிருப்புக்கா என்று சபையில் வாக்கெடுப்பு. என் வீட்டுக்காரி தினமும் அரை மைல் குடம் சுமந்துகொண்டிருந்தாள். எனக்கு வேறென்ன நியாயம் வேண்டும்?

முந்தின நாள் உங்களைக் கோயிலுக்குக் கூட்டிவந்து சூடம் அடிக்கச் சொன்னோம். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். "ரெண்டு பக்கமும் கேட்டு முடிவு பண்ணத்தானே அங்க போறேன்? இங்கயே முடிச்சிட்டா ஒரு பொம்மைய அனுப்புங்களேன்." கூட்டம் கொதித்தது. மானம் போகிறதே என்று, "மச்சானுக்குப் பதிலா நான் அடிக்கிறேன்யா!" என்று சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டேன். அக்கா புருஷன் என்றால் அவர் கையும் எனக்குச் சொந்தம் என்று நினைப்பு.

மறுநாள் நீங்கள் அந்தப் பக்கத்துக்குக் கை தூக்கினீர்கள். "பேதி அங்கதான் பிள்ளைங்கள வாரிக்கிட்டுப் போகுது" என்றதோடு பேச்சை முடித்தீர்களாம். எனக்குப் பொய்ச்சத்தியக்காரன் என்று பேர். அன்று சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றீர்கள். "சத்தியம் உன்னுது, கை என்னுது, மாப்ளே." நான் கதவைச் சாத்தினேன். அடுத்த தேர்தலில் உங்களுக்கு எதிராக வீடு வீடாக ஏறி இறங்கினேன். தோற்றீர்கள். அக்காவிடம்கூட என்னைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. அதை மட்டும் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

மறு மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டீர்கள். உங்களைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வேண்டும். நம் தெருவுக்கு அப்போதும் குழாய் வரவில்லை. மச்சினன் முறைக்கு நானும் குடத்தோடு, முன்னால் ஒருவர் சங்கு ஊதிப் போக, தண்டவாளம் தாண்டினேன். குழாயடியில் நீண்ட வரிசை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த டோ ம்யா என்ற பர்மியக் கிழவி கொச்சைத் தமிழில், "யாருக்கு?" என்றாள். உங்கள் பேரைச் சொன்னேன். பாதி நிரம்பிய தன் குடத்தை இழுத்துவிட்டு ஒதுங்கினாள். பின்னால் நின்றவர்களும் ஒதுங்கினார்கள். என் குடம் நிரம்புகிற வரைக்கும் அழுதேன்.

இன்று தட்டை நீட்டியவர்களிடம், "தம்பி கைய தம்பிகிட்ட கேளுங்க" என்றேன்.

"அட, உமக்கும் மச்சான் புத்தி வந்திருச்சா?" என்று ஒருவர் சிரித்தார்.

சூடம் தானாக எரிந்து தீர்கிற வரைக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், மச்சான்.